விரலுக்கேற்ற விசை

- இறுதியாண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுத் தோழர்கள் மூன்று வாரமாக என்னைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள். கவிதை எனக்கு வராது. 'நட்பு' என்ற தலைப்பில் ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். காயலாங்கடையில் கிடைத்த ஒரு கீபோர்டின் மூளையைப் பிடுங்கிவிட்டு வேறு மூளை வைத்த கதை இது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சர்க்யூட் கொஞ்சம்தான் வரும்.

எங்கள் சித்தி திருவொற்றியூரில் சார்பதிவாளர் ஆபீஸ் பக்கம் டைப்பிங் வேலை செய்கிறார். கிரயப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், தாசில்தாருக்கு மனு, இப்படி. 1996-ல் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். (நம்முடைய டிப்ளமோ தேர்வை நடத்தும் அதே தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் அந்தத் தேர்வையும் நடத்துகிறது. ஆனால் சித்திக்கு அரியர் எதுவும் கிடையாது!) மெஷினில் ஆரம்பித்து, பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் பழைய தட்டச்சு விசை அமைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கடைக்காரருக்கு வயதாகிவிட்டது. 2023-ல் கடையை மூடிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் நல்ல மனிதர். "மெஷின் காலியா இருந்தா வந்து உக்காரும்மா. ஆனா எதையும் இன்ஸ்டால் மட்டும் பண்ணாதே" என்று சொல்லி இடம் கொடுத்தார்.

அங்கேதான் சிக்கல். அங்கே இருந்த கம்ப்யூட்டர்களில் தமிழ்99 மட்டும்தான் இருந்தது. சித்திக்குச் சம்பளம் கிடையாது, பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு மணி நேரத்தில் ஐந்தாறு பக்கம் அடித்த கை ஒன்றரைப் பக்கத்தில் தடுமாறியது. பதிவுக்கு டோக்கன் வாங்கிவிட்டு நிற்கிற பார்ட்டி எத்தனை நேரம் காத்திருப்பார்? அடுத்த கடைக்குப் போய்விடுவார். சித்தி மகள் அப்போது ப்ளஸ் ஒன். டியூஷன் ஃபீஸ் இரண்டு மாசம் பாக்கி. அந்த வாரங்களில் சித்தி வீட்டுக்குப் போனால் டீ வரும், பேச்சு வராது.

"சித்தி, தமிழ்99 சுலபந்தான். ஒரு மாசம் பழகினா வந்துடும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

"கண்ணு, எனக்கு எழுத்து மூளையில இல்லடா, வெரல்ல கீது. 'இதனால் சகலமானவர்களுக்கும்'னு கண்ண மூடினு அடிப்பேன். எந்த விசை எங்க கீதுன்னு நீ கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. அத்த மறந்துட்டு வேற பழகுன்றியே, நடக்கறத மறந்துட்டு வேற மாதிரி நடன்றா மாதிரி கீது."

தமிழ்99-ஐ நான் குறை சொல்லவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டிப் பிறந்து, தமிழக அரசு அதே ஆண்டில் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. இலக்கணம் தெரிந்த கீபோர்டு என்றே சொல்லலாம். க-வை இரண்டு தரம் தட்டினால் தானே புள்ளி வைத்து 'க்க' ஆக்கிவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் அதைத்தான் பழக வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் சித்தி புதிதாகப் பழகுகிறவர் அல்லவே!

பழைய தட்டச்சு அமைப்புக்கும் ஒரு பெரிய வரலாறு உண்டு. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து, மலாயாவுக்கு வேலைக்குப் போன ஆர். முத்தையா என்பவர் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி வடிவமைத்தார். ஜெர்மனியில் சைடல் அண்டு நௌமன் கம்பெனியில் அதைச் செய்வித்தார். 247 எழுத்தை நாற்பது சொச்சம் விசைக்குள் எப்படி அடைப்பது? எழுத்தைத் துண்டு துண்டாக்கினார்: கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. புள்ளிக்கு அவர் வைத்தது நகரா விசை. அதைத் தட்டினால் தாளில் புள்ளி விழும், ஆனால் வண்டி நகராது. அடுத்து க-வைத் தட்டினால் அதே இடத்தில் விழுந்து 'க்' ஆகிவிடும். ஆகவே தட்டச்சில் புள்ளி முதலில், எழுத்து பிறகு. கொம்பும் அப்படியே, கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் முதலில் வரும். யூனிகோடிலோ க முதலில், புள்ளியும் கொம்பும் பிறகுதான். இந்தத் தலைகீழ்தான் என்னுடைய வேலை முழுவதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டச்சு அமைப்பைக் கம்ப்யூட்டரில் கொண்டுவர மென்பொருள் இல்லாமல் இல்லை. என்.எச்.எம். ரைட்டர் போட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் கடைக்காரர் 'இன்ஸ்டால் கூடாது' என்று சொல்லிவிட்டார். அதுவும் தவிர, சித்திக்கு இன்ன கம்ப்யூட்டர் என்று நிலையாக எதுவும் இல்லை. இன்று இந்த மெஷின், நாளை அந்த மெஷின், கூட்டமாக இருந்தால் எதிர்க் கடை. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அமைப்பு கம்ப்யூட்டரில் இருக்கிற வரைக்கும் சித்தி அடுத்தவர் தயவில்தான் இருப்பார். அமைப்பு கீபோர்டுக்குள்ளேயே இருந்தால்? கொத்தனார் கரண்டியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்லையா? அதுபோல!

இந்த இடத்தில் நம் லேப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும் 8085 கிட்டில் 40 கால் உள்ள ஒரு ஐ.சி. இருக்கிறது, 8279. அதன் முழுப் பெயரை வைவாவுக்காக நாம் எல்லோரும் நெட்டுருப் போட்டிருக்கிறோம்: புரோகிராமபிள் கீபோர்டு / டிஸ்ப்ளே இன்டர்ஃபேஸ். 64 விசைகளை எட்டுக்கு எட்டாகக் கட்டம் கட்டி, வரிசை வரிசையாக வருடிப் பார்த்து, அமுங்கிய விசையின் எண்ணை எட்டு பைட் வரிசையில் போட்டு வைக்கும். விசையை ஒரு தரம் அழுத்தினால் உள்ளே தொடுப்பு நாலைந்து தரம் துள்ளும். அந்தத் துள்ளல் அடங்க அது பத்து மில்லி செகண்டு பொறுத்துப் பார்க்கும். இதை ரெக்கார்டு நோட்டில் படம் போட்டு எழுதிக் கையெழுத்து வாங்கியபோது இது எதற்கு உதவும் என்று நான் யோசிக்கவே இல்லை. இன்று நீங்கள் தட்டுகிற எந்த கீபோர்டிலும் நடப்பது இதேதான். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் கீபோர்டுக்குள்ளேயே 8048 என்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தது. அதற்குள் எழுதி வைத்த நிரல்தான் ஃபர்ம்வேர்.

இன்னொரு சங்கதியும் தெரிந்தாக வேண்டும். கீபோர்டு ஒருபோதும் எழுத்தை அனுப்புவதில்லை! யு.எஸ்.பி. கீபோர்டு அனுப்புவது எட்டு பைட். முதல் பைட்டில் ஷிப்ட், கன்ட்ரோல் போன்ற எட்டு விசைகள், ஒன்றுக்கு ஒரு பிட். இரண்டாவது சும்மா. மீதி ஆறில் அமுங்கியிருக்கும் விசைகளின் எண்கள். 'ஏ' விசைக்கு 4, 'எச்' விசைக்கு 11. இந்த 11-ஐப் பார்த்து அது ஆங்கில எச்-சா, தமிழ்99-ன் க-வா என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். யூனிகோடில் க-வின் எண் 2965. அதை நேரடியாக அனுப்பக் கீபோர்டுக்கு வழி இல்லை. வின்டோஸில் வேறு தந்திரங்கள் உண்டு, ஆனால் கம்ப்யூட்டரின் உள் அமைப்பில் கை வைக்க வேண்டும். கடைக்காரர் விடமாட்டார்.

ஆனால் தமிழ்99 கடையில் ஏற்கெனவே இருக்கிறதே! வின்டோஸ் 10-ல் 2019 முதல் அது கூடவே வருகிறது. ஆகவே திட்டம் இப்படி: சித்தி தட்டச்சு முறையில் தட்டுவார். கீபோர்டு அதை உள்ளேயே மொழிபெயர்த்து, தமிழ்99 தெரிந்த ஒருவர் தட்டினால் எந்த எண்கள் போகுமோ அவற்றை அனுப்பும். கம்ப்யூட்டருக்கு எதுவும் தெரியாது. யாரோ தமிழ்99-ல் வெகு வேகமாக அடிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளும்.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை பைக்கோ போர்டு ஒன்றை ரிச்சி தெருவில் வாங்கினேன், நானூறு ரூபாய்க்குள். 2021-ல் வந்த ஆர்.பி.2040 என்ற சிப் அதில் இருக்கிறது. நாம் படிக்கும் 8051-ல் ராம் 128 பைட். இதில் 264 கிலோபைட். உடம்புக்குத் தண்டையார்பேட்டை காயலாங்கடையில் ஒரு பழைய கீபோர்டு, எடைக்கு. (கடைக்காரர் "ஒயர் மட்டும் அறுத்துக் குடுக்கவா, காப்பர் வேஸ்டாவுது" என்று கேட்டார்!)

பிரித்துப் பார்த்தால் உள்ளே பிளாஸ்டிக் தாள் மூன்று அடுக்கு, ஓரத்தில் விரல் நீளப் போர்டு, அதன் நடுவில் கறுப்புப் பொட்டு. பொட்டுக்குள் பழைய மூளை. அதிலிருந்து போகும் தடங்களை பிளேடால் வெட்டிவிட்டு, மறுபக்கத்தில் ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். வரிசை 8, நிரல் 18, மொத்தம் 26 ஒயர். பைக்கோவில் நமக்குக் கிடைக்கும் கால்களும் சரியாக 26! இது தற்செயல்தான். ஆனால் அன்று ராத்திரி வெகு நேரம் சந்தோஷமாக இருந்தது.

பிறகு ஒவ்வொரு விசையாக அழுத்தி, எந்த ஒயரும் எந்த ஒயரும் தொடுகின்றன என்று மல்டிமீட்டரின் 'பீப்' சத்தம் வைத்துக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும். 104 விசை. என் அறை நண்பன் விசையை அழுத்த, நான் மீட்டர் பிடிக்க, இன்னொருவன் எழுத, விடிந்துவிட்டது. அவர்கள் இருவருக்கும் கேன்டீனில் பரோட்டா கடன் பாக்கி இருக்கிறது என்பதை இந்த மலரின் மூலம் ஒப்புக்கொள்கிறேன்.

நிரலுக்கு கியூ.எம்.கே. என்ற திறந்த மூல ஃபர்ம்வேரை எடுத்துக்கொண்டேன். டி.எம்.கே. என்ற பழைய ஃபர்ம்வேரிலிருந்து கிளைத்தது, சி மொழியில் எழுதப்பட்டது. வருடுவது, துள்ளலை அடக்குவது, யு.எஸ்.பி. பேசுவது எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒரு விசை அமுங்கியதும் அது நம்மிடம் ஒரு தரம் கேட்கும்: 'இதை நான் அனுப்பட்டுமா, நீ பார்த்துக்கொள்கிறாயா?' என்று. 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று பதில் சொல்லிவிட்டால் அந்த விசை நம் கையில். சித்தியின் தமிழ் முழுவதும் அந்த ஒரு ஃபங்ஷனுக்குள் இருக்கிறது.

உதாரணத்துக்குக் 'கொக்கு'. சித்தி தட்டுவது: ஒற்றைக் கொம்பு, க, கால், புள்ளி, க, கு. (தட்டச்சில் 'கு' தனி விசை, க-வின் ஷிப்ட்.) ஆறு தட்டு. கொம்பு வந்ததும் என் நிரல் ஒன்றும் அனுப்பாது. 'கொம்பு நிற்கிறது' என்று ஒரு மாறியில் குறித்துக்கொள்ளும். க வந்ததும் முதலில் க, பிறகு எ அனுப்பும். திரையில் 'கெ'. அடுத்துக் கால் வருகிறது. உடனே ஒரு பின்விசை தட்டி, எ-வை அழித்து, ஒ அனுப்பும். 'கொ'. புள்ளி வந்தால் மறுபடி குறித்துக்கொள்ளும், க வந்ததும் க-வையும் புள்ளியையும் அனுப்பும். கடைசியில் க, உ. ஆக, சித்தி ஆறு தட்ட, கீபோர்டு எட்டுத் தட்டுகிறது. முத்தையா இரும்பில் செய்த நகரா விசை இங்கே ஒரு பைட் நினைவகமாக நிற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்விசை தட்டாமல், அடுத்த விசை வரும்வரை காத்திருந்து மொத்தமாக அனுப்பியிருக்கலாமே என்று எங்கள் துறை சார் கேட்டார். அழகான வழிதான். ஆனால் தட்டிய எழுத்து திரையில் ஒரு தட்டு தாமதமாகத் தெரியும். சித்தி அதை நம்பமாட்டார், இன்னொரு தரம் தட்டிவிடுவார். ஆகவே பின்விசையே இருக்கட்டும் என்று விட்டேன்.

தமிழ்99-ன் புத்திசாலித்தனமே ஓர் இடத்தில் எதிராக வந்தது. 'ததும்பு' என்று அடிக்க சித்தி த, து என்று தட்டுவார். இரண்டு த சேர்ந்து வந்ததும் கம்ப்யூட்டர் தானாகப் புள்ளி வைத்து 'த்தும்பு' ஆக்கிவிடும். 'கக்கன்' என்ற பெயருக்கும் இதே கதி. இதற்குத் தமிழ்99 விதியிலேயே மருந்து இருக்கிறது. நடுவில் ஓர் அ தட்டினால் தானியங்கிப் புள்ளி விழாது. வெறும் அகர மெய்க்குப் பின் இன்னொரு மெய் வந்தால் நிரலே ஓர் அ-வைச் செருகிவிடும்படி செய்தேன். சித்திக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் நிரலைத் தீர்மானிக்க விடக் கூடாது என்று முடிவு செய்தேன். 'கௌரி' என்ற பெயரைத் தட்டச்சில் எப்படி அடிப்பது? கொம்பு, க, ள, பிறகு ரி. ஔகாரத்தின் இரண்டாம் பாதியும் ள-வும் தாளில் ஒன்றுதான். தாளில் யாருக்கும் கவலை இல்லை. ஆனால் கம்ப்யூட்டரில் 'கௌரி' வேறு, 'கெளரி' வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடினால் ஒன்று அகப்படும், மற்றது அகப்படாது. கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர் பெயர் அப்படிப் போய்விட்டால் பிறகு யார் அலைவது? கொம்பு, மெய், ள வந்தால் ஔ என்று நிரலே ஊகித்துக்கொள்ளலாம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பெயரில் 'பெரும்பாலும்' உதவாது. சித்தியிடமே கேட்டேன்.

"ஊகம்லாம் வேணாம். எனக்கு ஒரு விசை குடு, நான் தட்டறேன்" என்றார்.

யாரும் தொடாத ஸ்க்ரோல் லாக் விசையைக் கொடுத்தேன். 'கெள' என்று அடித்த பிறகு அதைத் தட்டினால் இரண்டு எழுத்து பின்னால் போய் ஔ வைத்துவிடும். அந்த விசை மேல் சித்தி சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருக்கிறார்.

சர்வே நம்பர், பான் நம்பர் அடிக்க ஆங்கிலம் வேண்டும். அதற்கு இரண்டாவது அடுக்கு. இன்சர்ட் விசையைத் தட்டினால் கீபோர்டு தன் தமிழ் அடுக்கை விட்டு ஆங்கில அடுக்குக்கு மாறும், கூடவே வின்டோஸின் மொழியை மாற்றும் விசைகளையும் தானே தட்டிவிடும். ஒரு தட்டில் இரண்டு பக்கமும் மாற வேண்டும், இல்லாவிட்டால் திரையில் குப்பை விழும்.

முதல் தடவை கடைக்கு எடுத்துப் போனது ஒரு புதன்கிழமை. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர் வரிசை நின்றுகொண்டிருந்ததால் ஷேர் ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்துதான் போனது. சித்தி கீபோர்டை ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "வைரஸ் கிய்ரஸ் வராதே?" "இது வெறும் கீபோர்டுண்ணா, எதுவும் இன்ஸ்டால் ஆகாது" என்றேன். சொருகினோம்.

சித்தி முதலில் எல்லா டைப்பிங் இன்ஸ்டிடியூட்டிலும் முதல் நாள் சொல்லித் தரும் அந்த வரிசையைத் தட்டினார்: ய ள ன க ப. திரையில் அதே வந்தது. பிறகு ஒன்றும் பேசாமல் ஒரு வாடகை ஒப்பந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். நான் திரையைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் பத்தியில் வேகம் பிடித்துவிட்டது. முழுப் பக்கமும் முடிந்ததும் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். ஓர் இடத்தில் கூட வட்டம் போடவில்லை.

"சத்தந்தான் இல்ல. மெஷின்னா டக்கு டக்குனு கேக்கும். மத்தபடி பரவால்ல" என்றார். சித்தி வாயில் 'பரவால்ல' என்பது டிஸ்டிங்ஷனுக்குச் சமம்.

டியூஷன் பாக்கி அந்த மாசக் கடைசியில் கட்டியாகிவிட்டது. இப்போது எதிர்க் கடையில் உட்காரும் இன்னொரு அம்மாவும், அவரும் பழைய ஹையர்தான், தனக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார். காயலாங்கடையில் இன்னொரு கீபோர்டு சொல்லி வைத்திருக்கிறேன்.

செய்து பார்க்க விரும்பும் ஜூனியர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்களுக்குக் கிடைக்கும் கீபோர்டில் வரிசை, நிரல் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். முதலில் எண்ணிவிட்டுப் பிறகு பைக்கோ வாங்குங்கள். இந்த வகை கீபோர்டில் விசைக்கு விசை டையோடு இல்லை. கட்டத்தில் மூன்று மூலைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் நாலாவது மூலையும் அமுங்கியதாகத் தெரியும். 8279 பாடத்தில் இரண்டு விசைப் பூட்டு பற்றிப் படித்தோமே, அது இதற்குத்தான். கியூ.எம்.கே.யில் இதைத் தடுக்க ஒரு வரி இருக்கிறது, அதை மறக்காமல் போடுங்கள். நிரலை ஏற்றுவது எல்லாவற்றையும் விடச் சுலபம்: பைக்கோவில் இருக்கும் வெள்ளைப் பொத்தானை அழுத்திக்கொண்டே சொருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும், யு.எஃப்.2 ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது.

ஃபைல் முழுவதும் மைக்ரோ லேப்பில் ஜன்னலோரம் இருக்கும் மூன்றாவது கம்ப்யூட்டரில், 'சித்தி' என்ற ஃபோல்டரில் இருக்கிறது. பென் டிரைவ் கொண்டு வந்து எடுத்துக்கொள்ளலாம். ௹ குறிக்கு ஒரு விசை வேண்டும் என்று சித்தி போன வாரம் சொல்லியிருக்கிறார். பாஸ் விசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.